புகழைத் துறந்த பேரறிவாளர்

ஆண்டவர் ஒருத்திக்குப் படிப்பைத் தருகிறார். இன்னொருத்திக்கு இனிய குரலைத் தருகிறார். பரிசும் கைதட்டலும் கிடைக்கும்போது, கொடுத்தவரை மறந்து கொடையை மட்டும் பற்றிக்கொள்ளும் சோதனை நம் எல்லோருக்கும் உண்டு. அச்சோதனையை வென்ற பெண்மணி ஒருவரின் வரலாறு இது.

இத்தாலியிலுள்ள மிலான் நகரில், 1718-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் மரியா கயத்தானா அக்னேசி பிறந்தார். தந்தை பியெத்ரோ, பட்டு வணிகத்தால் செல்வம் சேர்த்த குடும்பத்தினர். மரியா இளம் வயதிலேயே பிரெஞ்சு, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்தார். பெண்களும் உயர்கல்விக்குத் தகுந்தவர்களே என்று ஒன்பது வயதில் அறிஞர்கள் முன் இலத்தீனில் உரையாற்றினார். மகளின் அறிவை ஊரறியச் செய்வதில் தந்தைக்குப் பெருமை. விருந்தினரை வீட்டுக்கு அழைப்பார். அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு மரியா விடை கூறுவார். தங்கை மரியா தெரேசா இசை வாசிப்பார். எல்லோரும் வியந்தனர். ஆனால் மரியாவின் உள்ளம் அந்தக் கூடத்தில் இல்லை.

தாயார் 1732-இல் காலமானார். இருபது வயது கடந்ததும் மரியா கன்னியர் மடத்தில் சேர விரும்பினார். தந்தை இசையவில்லை. அவருக்குக் கீழ்ப்படிந்து வீட்டிலேயே இருக்க ஒப்புக்கொண்ட மரியா, மூன்று சலுகைகளை மட்டும் கேட்டார்: எளிய உடை உடுத்த வேண்டும், விரும்பிய போதெல்லாம் கோவிலுக்குச் செல்ல வேண்டும், நடனம், நாடகம் போன்ற கேளிக்கைகளுக்குத் தம்மை அழைக்கக் கூடாது.

தம்பி தங்கையரைப் பேணிக்கொண்டே அவர் கணிதத்தில் ஆழ்ந்தார். 1748-இல் நுண்கணிதம் பற்றிய அவருடைய பெருநூல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. பல நாட்டு அறிஞர்களின் நூல்களில் சிதறிக் கிடந்த முறைகளை ஒழுங்குபடுத்தி, இளைஞர்களுக்கு விளங்கும்படி இத்தாலிய மொழியிலேயே எழுதியிருந்தார். நூலைக் காணிக்கையாகப் பெற்ற பேரரசி மரிய தெரேசா, வைர மோதிரமும் பளிங்குப் பேழையும் அனுப்பினார். பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பொற்பதக்கம் அளித்தார். 1750-இல் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பதவியும் தேடி வந்தது. அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது கனவிலும் கிட்டாத பேறு!

ஆயினும் அவர் பொலோஞ்ஞாவுக்குச் சென்று பாடம் நடத்தவில்லை. 1752-இல் தந்தை இறந்ததும் கணித நூல்களை மூடி வைத்தார். நோயுற்ற ஏழைப் பெண்களைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து பணிவிடை செய்தார். செலவுக்குப் பணம் போதாதபோது, பேரரசி அனுப்பிய பரிசுகளையும் விற்றார். 1762-இல், கணித மேதை லக்ராஞ்சின் புதிய ஆய்வைப் பற்றி அவர் கருத்தை தூரின் நகரிலிருந்து கேட்டனர். அத்துறையில் தமக்கு இனி ஈடுபாடில்லை என்று பணிவுடன் மறுத்துவிட்டார்.

1771-இல் மிலானில் திரிவுல்சியோ முதியோர் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே பெண்கள் பிரிவின் பொறுப்பைக் கர்தினால் போட்சோபொனெல்லி அவரிடம் ஒப்படைத்தார். 1783-இல் தாமும் அங்கேயே குடியேறினார். 1799-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், தமது எண்பதாம் வயதில், இறைவனடி சேர்ந்தார். ஏழைகளோடு ஏழையாகப் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவு பெரிய திறமை வீணாயிற்றே என்று சிலர் எண்ணலாம். வீணாகவில்லை. அவருடைய நூல் பல்லாண்டுகள் மாணவருக்குப் பயன்பட்டது. இன்றும் கணிதம் கற்போர் அவர் பெயர் தாங்கிய ஒரு வளைகோட்டைப் படிக்கின்றனர். ஆனால் கேட்பாரற்றுக் கிடந்த மூதாட்டிகளுக்கு நுண்கணிதம் தேவைப்படவில்லை. ஓர் அன்புக் கரமே தேவைப்பட்டது. அந்தக் கரமாக இருக்க இறைவன் தம்மை அழைக்கிறார் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு முன் பதவியும் புகழும் அவருக்குச் சிறியனவாயின.

அன்பு மாணவியரே! நன்றாகப் படியுங்கள், முதல் மதிப்பெண் பெறுங்கள். மரியாவும் கல்வியைச் சோம்பலால் விடவில்லை. அதன் சிகரத்தை எட்டிய பின்னரே விட்டார். அறிவைத் தந்த ஆண்டவர் அதைக்கொண்டு என்ன செய்யச் சொல்கிறார் என்று நாளும் செபத்தில் கேளுங்கள். அவர் காட்டும் வழி மேடைக்கும் செல்லலாம். ஒரு நோயாளியின் கட்டிலருகேயும் செல்லலாம். எதுவானாலும் மகிழ்வோடு செல்வோம்.