ஆசிரியரையும் மாணவராக்கிய அறிஞர் தௌலத் சிங் கோத்தாரி

வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் மலரில் அண்ணல் அம்பேத்கரையும் சோதிராவ் பூலேயையும் நினைவுகூர்தல் இயல்பே. அவர்கள் நம் விடுதலைக்கு வழிகாட்டியவர்கள். அவ்வரிசையில் அறிஞர் தௌலத் சிங் கோத்தாரியின் வரலாற்றையும் யாம் ஈண்டு வைப்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். அவர் நம்மிடையே பிறந்தவரல்லர். காவிரிக் கரையில் வாழ்ந்தவருமல்லர். இராசத்தானத்துச் சமணக் குடும்பத்தில் தோன்றி, இயற்பியல் பேராசிரியராய் வாழ்ந்து மறைந்தவர். எனினும், பள்ளி ஆசிரியரின் பாட அறிவு வளர்வதற்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கருத்து இந்நாட்டில் வேரூன்ற உழைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். அக்கருத்தினால் மிகுதியும் நன்மை பெறவேண்டியவர்கள் நம் பிள்ளைகளே. ஆதலின் அவர் வரலாறு நமக்கும் உரியது.

இளமையும் கல்வியும்

கோத்தாரி 1906-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் உதயப்பூரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். 1918-இல் பரவிய கொள்ளைநோய்க்குத் தந்தையார் பலியானபோது மகனுக்கு வயது 12. குடும்பம் தளர்ந்தது, ஆயினும் நண்பர் ஒருவரின் ஆதரவால் இந்தூரிலும், பின்னர் உதயப்பூரிலும் படிப்புத் தொடர்ந்தது. மேவார் அரசின் உதவித்தொகை அவரை அலகாபாத் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. தக்க வேளையில் கிடைத்த உதவித்தொகை ஒரு வாழ்வையே திருப்பிவிடும் என்பதை நம்மவர் பலர் தம் வாழ்விலேயே கண்டிருப்பர்.

அலகாபாத்தில் அவருக்கு வாய்த்த ஆசான் மேகநாத் சாகா. சாகாவின் வரலாற்றை நம் இளைஞர் தனியே படித்தறிதல் வேண்டும். 1893-இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் அவர். வங்கத்துச் சாதி அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த குடும்பம் அது. கல்கத்தாவில் விடுதியில் தங்கிப் படித்த நாளில், உடன் பயின்ற மேற்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர்; கலைமகள் விழாவிலும் அவரை விலக்கி வைத்தனர். அம்மாணவரே 1920-இல் விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பத்தையும் இயல்பையும் கணிக்க உதவும் சமன்பாட்டைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். இழிவுகளைத் தாங்கி வளர்ந்த அவ்வாசானிடம் கற்ற கோத்தாரி, 1928-இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் ரூதர்போர்டு தலைமை வகித்த கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1934-இல் டெல்லிப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குப் பொறுப்பேற்றார். மிகு வெப்பத்தால் அணுவிலிருந்து எலெக்ட்ரான் பிரிவதை ஆசான் சாகா விளக்கினார். வெண்குறு விண்மீன்களின் உட்பகுதியில் மிகு அழுத்தத்தாலும் அது பிரியும் என்பதை மாணவர் கோத்தாரி விளக்கினார். நாடு விடுதலை பெற்றபின் 1948 முதல் 1961 வரை பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகராய்ப் பணிபுரிந்தார். 1961-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார். 1973 வரை அப்பொறுப்பிலிருந்தார். நாம் இங்கே கருதும் பணி அப்போது தொடங்கியதே.

கோடை விடுமுறையில் ஒரு புதுமை

அந்நாளில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இளங்கலைப் பட்டமும் கற்பித்தற் பயிற்சியும் பெற்றுப் பணியில் அமர்வார். அதன்பின் முப்பதாண்டுகள், தாம் இளமையில் கற்றதையே கற்பித்து ஓய்வு பெறுவார். அறிவியலோ நின்றுவிடவில்லை. 1940-இல் பட்டம் பெற்ற உயிரியல் ஆசிரியர், 1953-இல் கண்டறியப்பட்ட மரபுப் பொருளின் அமைப்பைக் கல்லூரியில் கற்றிருக்க இயலாது. கணக்கிலும் வேதியியலிலும் இதே நிலைதான். பயிற்சிக் கல்லூரி எவ்வாறு கற்பிப்பது என்பதைச் சொல்லித் தந்தது. எதைக் கற்பிப்பது என்பதைப் புதுப்பித்துக் கொள்ள வழியில்லை.

1957-இல் சோவியத் நாடு முதற் செயற்கைக் கோளை ஏவியபின், அமெரிக்கா தன் பள்ளி ஆசிரியர்களைக் கோடைதோறும் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் திட்டத்தைப் பெரிதும் விரிவாக்கியது. இந்தியாவில் 1963-ஆம் ஆண்டுக் கோடையில், மானியக் குழுவும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமமும் அமெரிக்க உதவியுடன் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றில் கோடைக்காலப் பயிற்சி நிலையங்களைத் தொடங்கின. பின்னர் அவை பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவின.

பள்ளி ஆசிரியர்கள் விடுமுறையில் சில வாரங்கள் பல்கலைக்கழகத்தில் தங்கினர். பேராசிரியர்கள் அவர்களுக்குப் பாடத்தையே நடத்தினர். ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர்கள் தம் கையாலேயே சோதனை செய்தனர். ஐயங்களை நாணமின்றிக் கேட்டனர். அதுநாள்வரை பள்ளி வேறு, பல்கலைக்கழகம் வேறு என்றிருந்த இடைச்சுவரில் ஒரு வாயில் திறந்தது.

அதில் குறையே இல்லை என்று யாம் கூறவில்லை. அயல்நாட்டுப் பள்ளிகளுக்கென எழுதப்பட்ட நூல்கள் முதலிற் பெரிதும் கையாளப்பட்டன. பயின்று திரும்பிய ஆசிரியருக்குத் தம் பள்ளியில் கருவிகளும் இருப்பதில்லை, நேரமும் கிடைப்பதில்லை. வெளியுதவி நின்றபின் திட்டத்தின் வேகமும் தணிந்தது. எனினும் விதை ஊன்றப்பட்டது.

கோத்தாரிக் குழு

1964-இல் நடுவண் அரசு அமைத்த கல்விக் குழுவுக்குக் கோத்தாரி தலைவரானார். 1966 சூன் 29-இல் அறிக்கை அளிக்கப்பட்டது. ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழக வாழ்விலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் பிரிந்து கிடப்பதே அதன் பெருநோய் என்று குழு கண்டது. பணியிலிருக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று திங்களேனும் மீண்டும் பயிலவேண்டும் என்று பரிந்துரைத்தது. எல்லாச் சமூகப் பிள்ளைகளும் ஒன்றாகக் கற்கும் பொதுப்பள்ளி முறையையும், நாட்டு வருவாயில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்குவதையும் வற்புறுத்தியது. இவை இன்றளவும் முற்றும் நிறைவேறாமை நம் நாட்டின் பெருங்குறையாகும்.

பத்தாண்டுப் பள்ளி, ஈராண்டு மேனிலை, மூவாண்டுப் பட்டம் என்னும் அமைப்பும் அக்குழு வகுத்ததே. 1978-இல் தமிழகம் அதனை ஏற்றபோது, கல்லூரியில் நடந்த புகுமுக வகுப்பு மறைந்து, மேனிலை வகுப்புகள் பள்ளிக்கு வந்தன. விரிவுரையாளர் நடத்திய பாடம் பள்ளி ஆசிரியரின் தோளில் ஏறியது. தமிழகப் பாடத்திட்டத்தைப் பல்லாண்டுகள் பின்பற்றிய நம் காரைக்காலுக்கும் இம்மாற்றம் வந்து சேர்ந்தது.

கோத்தாரியின் தொண்டு அத்தோடு முடியவில்லை. குடிமைப் பணித் தேர்வுமுறையை ஆராய 1974-இல் அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். அதன் பரிந்துரையின் விளைவாக 1979 முதல் முதன்மைத் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுதும் வழி திறந்தது. ஆங்கிலப் பள்ளியின் வாயிலை மிதிக்காத பிள்ளையும் மாவட்ட ஆட்சியர் ஆகலாம் என்னும் நம்பிக்கை அதனால் பிறந்தது. பத்ம விபூஷண் விருது பெற்ற அப்பெருமகனார் 1993 பிப்ரவரி 4-இல் மறைந்தார்.

நாம் எண்ண வேண்டுவது

திருநள்ளாற்றிலோ நெடுங்காட்டிலோ உழவுக் கூலியாரின் மகள் ஒருத்தி பதினோராம் வகுப்பில் இயற்பியல் பயில்கின்றாள் என்று கொள்வோம். அவளுக்கு ஓர் ஐயம் எழுகின்றது. ஆசிரியருக்கும் அது தெளிவில்லையெனில், மனப்பாடம் செய்துகொள் என்ற விடையே கிடைக்கும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாலையில் தனிப்பயிற்சிக்குச் சென்று அக்குறையைத் தீர்த்துக்கொள்ளும். அல்லது படித்த தந்தையைக் கேட்கும். நம் மகளுக்கோ அந்த ஐயம் அங்கேயே நின்றுவிடும். சில திங்களில் அவள், இப்பாடம் நமக்கு வராது என்று தன்னையே குறை கூறிக்கொள்வாள். ஆசிரியரின் பாட அறிவில் ஏற்படும் குறை எல்லாரையும் தாக்கினும், மாற்று வழியற்ற வீட்டையே வீழ்த்துகின்றது. எனவே ஆசிரியரின் பயிற்சி நமக்குச் சமூக நீதியின் ஒரு பகுதியாகும்.

2023-24 கல்வியாண்டு முதல் புதுவை அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறத் தொடங்கின. ஆசிரியர் தலையில் மீண்டும் ஒரு புதுச் சுமை. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கின்றது. அம்மணிகள் பொதுவுரைகளில் கழியாது பாட அறிவில் செல்லுதல் வேண்டும். 1963-இல் காரைக்காலில் பல்கலைக்கழகம் இல்லை. இன்றோ காரைக்காலிலேயே புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் அரசுக் கல்லூரிகளும் உள்ளன. கோடை விடுமுறையில் அவற்றின் ஆய்வுக்கூடங்களை நம் பள்ளி ஆசிரியர்க்குத் திறந்துவிடுமாறு கேட்பது நம் உரிமை. அவ்வாறு கேட்பதை நம் கழகம் தன் அடுத்த இருபத்தைந்தாண்டுப் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளுமென நம்புகின்றோம்.

இளைஞர்களே! உங்களுள் பலர் ஆசிரியர் ஆவீர்கள். பணியாணை பெற்ற நாளோடு படிப்பை மூடிவிடாதீர்கள். விண்மீனின் உள்ளத்தை ஆராய்ந்த பேரறிஞர், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரின் ஐயத்தையும் பல்கலைக்கழகத்தின் கடமையாகக் கருதினார். அவர் திறந்த வாயிலினுள் நீங்களும் செல்லுங்கள். உங்கள் பின்னே வரும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.