ஜப்பானுக்குப் போகாமலேயே ஜப்பானிய இலக்கியத்தை உலகுக்குக் கொடுத்தவர்: யார் இந்த ஆர்தர் வேலி?

அட்டையில் ஒரு பூனை, பக்கத்தில் ஒரு காபி கோப்பை, பின்னால் மழை பெய்யும் டோக்கியோ தெரு. ஆங்கிலத்தில் வரும் ஜப்பானிய நாவல்கள் இன்று புத்தகக் கடைகளில் முன்வரிசையில் இருக்கின்றன. படித்தவர்கள் ரீல்ஸ் போடுகிறார்கள், ஐந்துக்கு நான்கு ஸ்டார் கொடுக்கிறார்கள், நடை ரொம்ப அழகு என்று விமர்சனம் எழுதுகிறார்கள். ஆனால் அந்த நடை யாருடையது? ஜப்பானிய எழுத்தாளருடையதா, இல்லை உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் பெயர் இருக்கும் மொழிபெயர்ப்பாளருடையதா?

இந்தக் கேள்விக்கு நூறு வயது ஆகிறது. 1925-ல் லண்டனில் வெளியான ஒரு புத்தகம்தான் இதைப் பெரிய அளவில் கிளப்பியது. அதை மொழிபெயர்த்தவர் ஆர்தர் வேலி. ஜப்பானிய மொழியைத் தானாகவே படித்துக் கற்றவர். வாழ்நாளில் ஒருமுறைகூட ஜப்பானுக்குப் போகாதவர்.

கண்ணால் மாறிய வாழ்க்கை

1889 ஆகஸ்ட் 19-ம் தேதி இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில், வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஆர்தர் டேவிட் ஷ்லாஸ். அப்பா ஒரு பொருளாதார அறிஞர். ரக்பி பள்ளியில் படித்துவிட்டு, 1907-ல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். எடுத்த பாடம் கிரேக்கமும் லத்தீனும். நன்றாகப் படிக்கிற பையன், அப்படியே பேராசிரியர் ஆகிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் கண் கைவிட்டது. ஒரு கண்ணில் பார்வை போய்விட, தீவிரமான படிப்பைத் தொடர முடியாமல் 1910-ல் பட்டத்தோடு வெளியே வந்தார். 1913-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை கிடைத்தது. கவிஞர் லாரன்ஸ் பின்யனின் கீழ், சீன, ஜப்பானிய ஓவியங்களைப் பட்டியல் போடும் வேலை.

என்ன பிரச்சினைன்னா, ஓவியங்களின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால்தானே பட்டியல் போட முடியும்? அப்போது லண்டனில் இதற்கென்று தனிக் கல்லூரி கிடையாது. கீழ்த்திசை மொழிகளுக்கான பள்ளி திறந்ததே 1917-ல்தான். எனவே வேலி அகராதிகளையும் மியூசியத்தில் இருந்த புத்தகங்களையும் வைத்துக்கொண்டு, பழைய சீனத்தையும் பழைய ஜப்பானிய மொழியையும் தானே கற்றுக்கொண்டார். படிப்பை நிறுத்தவைத்த அதே கண்ணோடுதான் இவ்வளவும்.

இதற்கிடையே பெயரும் மாறியது. 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மன் பெயர் வைத்திருப்பவர்கள் மீது இங்கிலாந்தில் வெறுப்பு கிளம்பியது. ஷ்லாஸ் குடும்பம் அம்மா வழிப் பெயரான வேலி என்பதை எடுத்துக்கொண்டது.

50 பிரதிகளில் தொடங்கியது

1916-ல் தான் மொழிபெயர்த்த சீனக் கவிதைகளைச் சொந்தக் காசில் சுமார் 50 பிரதிகள் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். அடுத்த இரண்டே வருடத்தில் 170 சீனக் கவிதைகளின் தொகுப்பு வெளியாகி அவர் பெயரை நிலைநிறுத்தியது. 1919-ல் ஜப்பானிய வாகா கவிதைகள், 1921-ல் நோ நாடகங்கள் என்று வரிசையாக வந்தன.

அடுத்து எடுத்ததுதான் பெரிய வேலை. கென்ஜி கதை.

கென்ஜி கதை ஏன் அவ்வளவு கஷ்டம்?

11-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜப்பானிய அரசவையில் பணியாற்றிய முராசாகி ஷிகிபு என்ற பெண் எழுதியது கென்ஜி கதை. மொத்தம் 54 அத்தியாயங்கள். உலகின் முதல் நாவல் என்று பலர் சொல்வது இதைத்தான். இளவரசன் கென்ஜியின் காதல்கள், இழப்புகள், முதுமை, அவனுக்குப் பின் வரும் தலைமுறை என்று நீளும் கதை.

இதன் மொழி இன்றைய ஜப்பானியர்களுக்கே எளிதில் புரியாது. அவர்களும் நவீன ஜப்பானிய மொழிபெயர்ப்பில்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள். மூலத்தில் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. பதவியையோ தங்கியிருக்கும் இடத்தையோ சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். கதை நகர நகரப் பதவி மாறும், கூடவே அழைக்கும் விதமும் மாறும். பல வாக்கியங்களில் எழுவாய் இருக்காது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதை மரியாதைச் சொற்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடுநடுவே கிட்டத்தட்ட 800 கவிதைகள் வேறு.

வேலிக்கு முன்பே ஒருவர் முயன்றிருந்தார். கேம்பிரிட்ஜில் படித்த ஜப்பானியரான சுயேமட்சு கென்சோ 1882-ல் முதல் 17 அத்தியாயங்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஆனால் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

வேலியின் முதல் தொகுதி 1925-ல் வந்தது. ஆறாவதும் கடைசியுமான தொகுதி 1933-ல் வந்தது. இடையில் 1928-ல் செய் ஷோனாகோனின் தலையணைக் குறிப்புகளிலிருந்து ஒரு பகுதியையும் மொழிபெயர்த்தார். 1929-ல் மியூசியம் வேலையை விட்டுவிட்டார். அதன் பிறகு நிரந்தர வேலை, பேராசிரியர் பதவி எதுவும் இல்லாமல் எழுத்தை நம்பியே வாழ்ந்தார்.

விமர்சகர்கள் யாரைப் பாராட்டினார்கள்?

முதல் தொகுதிக்கு வந்த விமர்சனங்களில் பிரபலமானது 1925-ல் பிரிட்டிஷ் வோக் இதழில் வர்ஜீனியா வுல்ஃப் எழுதியது. ஆமாம், இன்றைய ஃபேஷன் பத்திரிகை வோக்தான். முராசாகியின் உலகத்தில் பூக்களுக்கும் கவிதைக்கும் உடைகளுக்கும் இருந்த இடத்தைக் கண்டு வுல்ஃப் வியந்தார். அதேசமயம் டால்ஸ்டாய், செர்வான்டிஸ் வரிசையில் வைக்கும் அளவுக்கு முராசாகி பெரிய எழுத்தாளர் இல்லை என்றும் தீர்ப்பு சொன்னார்.

இங்கேதான் சிக்கல். வுல்ஃபுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அவர் கையில் இருந்தது 54 அத்தியாயங்களில் முதல் ஒன்பது மட்டுமே. கென்ஜி வயதாகி, தான் செய்ததன் விளைவுகளைத் தானே அனுபவிக்கும் கனமான பகுதிகள் அப்போது ஆங்கிலத்தில் வரவேயில்லை. வுல்ஃப் ரசித்த ஒவ்வொரு வாக்கியமும் வேலி எழுதிய ஆங்கில வாக்கியம். ஆனால் பாராட்டும் சரி, குறையும் சரி, இரண்டும் போனது முராசாகியின் கணக்கில்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஜப்பானிய எழுத்தாளரும் விமர்சகருமான மசாமுனே ஹாகுச்சோவுக்கு மூலத்தைப் படித்தபோது அது தெளிவில்லாமலும் சலிப்பாகவும் இருந்தது. வேலியின் ஆங்கிலத்தில் படித்தபோதுதான் கதை பிடித்துப்போனது. சொந்த நாட்டின் செவ்வியல் நூலை ரசிக்க ஒரு ஜப்பானியருக்கே ஆங்கிலம் தேவைப்பட்டது!

வேலி செய்தது சரியா?

வேலியின் கென்ஜியில் 38-வது அத்தியாயம் கிடையாது. அதை அப்படியே விட்டுவிட்டார். வேறு சில இடங்களிலும் வெட்டினார். பல கவிதைகளைப் பாத்திரங்களின் பேச்சாக, உரைநடையாக மாற்றினார். மூலம் சும்மா கோடிகாட்டிவிட்டு நகரும் இடங்களில், மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதை விரித்து எழுதினார். எழுவாய் இல்லாத வாக்கியங்களுக்கு எழுவாய் வைத்தார், பெயர் இல்லாதவர்களுக்கு நிலையான பெயர் வைத்தார்.

இதனால் கிடைத்தது என்ன? அன்றைய ஆங்கில வாசகர் கையில் ஒரு ஆராய்ச்சி நூலுக்குப் பதிலாக ஒரு நாவல் கிடைத்தது. அடிக்குறிப்பைத் தேடாமல் படுக்கையில் படுத்துக்கொண்டே படிக்கக்கூடிய நாவல்.

இழந்தது என்ன? முராசாகியின் மங்கலான, வேண்டுமென்றே பாதி மறைத்துச் சொல்லும் தன்மை குறைந்துபோனது. ஹேயன் கால ஜப்பானிய அரசவை சில இடங்களில் ஆங்கிலேயப் பிரபுக்களின் மாளிகை போலத் தெரிகிறது. அந்த ஊரைப் போய்ப் பார்த்திருந்தால் இது மாறியிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் அவர் மொழிபெயர்த்த ஜப்பான், டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கக்கூடிய இடமாக இல்லை. அது மறைந்து 700 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

சுற்றிய துணை, நகராத வேலி

வேலியின் நீண்ட காலத் துணை பெரில் டி சோட்டா, நடன விமர்சகர். 1918-ல் சந்தித்தார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. வேலி ஆசியாவுக்கே வராதவர் என்றால், பெரில் நேர் எதிர். பாலி, தென்னிந்தியா, இலங்கை என்று சுற்றினார். தென்னிந்திய நடனங்கள் குறித்து அவர் எழுதிய நூல் 1953-ல் வெளியானது, இலங்கை நடனங்கள் குறித்த நூல் 1957-ல் வந்தது. பெரில் கடைசிக் காலத்தில் நோயில் விழுந்தபோது வேலிதான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். 1962-ல் பெரில் இறந்தார்.

இரண்டாம் உலகப் போரில் வேலிக்குக் கிடைத்த வேலை முரணானது. பிரிட்டிஷ் தகவல் அமைச்சகத்தில், ஜப்பானிய மொழியில் வரும் செய்திகளைத் தணிக்கை செய்தார். ஜப்பானின் மிகப் பெரிய காதல் கதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த அதே அறிவு, இப்போது எதிரி நாட்டின் செய்தியைப் படிக்கப் பயன்பட்டது. அந்தப் போர்க்காலத்திலேயே, 1942-ல், சீனக் குரங்கு வீரனின் கதையை மங்கி என்ற பெயரில் வெளியிட்டார். அதற்கு ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசு கிடைத்தது. 1953-ல் கவிதைக்கான அரசியின் பதக்கமும் வந்தது. கவனிக்க: மொழிபெயர்ப்பாளருக்குக் கவிஞர் பதக்கம்!

1966-ல், இறப்பதற்குச் சில வாரங்களே இருந்தபோது, பல ஆண்டுத் தோழியான அலிசனைத் திருமணம் செய்துகொண்டார். ஜூன் 27 அன்று, 76 வயதில், புற்றுநோயால் இறந்தார். உடல் லண்டன் ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

49 சென்ட் புத்தகம்

1940. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு கடை. 18 வயது கல்லூரி மாணவர் ஒருவர், விலை குறைத்துப் போட்டிருந்த புத்தகக் குவியலில் வேலியின் கென்ஜியைப் பார்க்கிறார். விலை 49 சென்ட். பக்கங்கள் அதிகம், விலை கம்மி, அவ்வளவுதான் காரணம். வாங்கிவிட்டார். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் டொனால்ட் கீன். பிறகு ஜப்பானிய மொழி கற்று, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியராகி, ஜப்பானிய இலக்கியத்தை ஆங்கிலத்தில் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் ஆனார். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானிலேயே குடியேறி, 2012-ல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். 2019-ல் அங்கேயே இறந்தார். 38-வது அத்தியாயம் இல்லாத அந்த மொழிபெயர்ப்புதான் அவரை அங்கே கொண்டுபோனது.

கென்ஜியை ஆங்கிலத்தில் எடுத்தவர்கள் வேலியோடு நிற்கவில்லை. 1976-ல் எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர், 2001-ல் ராயல் டைலர், 2015-ல் டென்னிஸ் வாஷ்பர்ன் என்று புதிய மொழிபெயர்ப்புகள் வந்தன. வேலி விட்டதைச் சேர்த்தார்கள், கவிதையைக் கவிதையாகவே வைத்தார்கள். இன்னொரு பக்கம், வேலியின் ஆங்கிலக் கென்ஜியையே திரும்ப ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனார்கள். மரியா மரியே, மொரியாமா மெகுமி என்ற சகோதரிகளின் அந்த மொழிபெயர்ப்பு 2017 முதல் 2019 வரை நான்கு தொகுதிகளாக வெளியானது. அதாவது ஜப்பானியர்கள் வேலியின் வேலையைத் தனிப் படைப்பாகவே படிக்கிறார்கள்.

எந்த கென்ஜியை எடுக்கலாம்?

கதை ஓட்டமாகப் போக வேண்டும் என்றால் வேலி. மூலத்தில் யார் யாரை எப்படி அழைத்தார்கள் என்பது வரை தெரிய வேண்டும், அடிக்குறிப்பு தொந்தரவில்லை என்றால் டைலர். இரண்டுக்கும் நடுவில், சிக்கனமான நடையில் வேண்டும் என்றால் சைடன்ஸ்டிக்கர். முடிந்தால் முதல் அத்தியாயத்தை மட்டும் இரண்டு மொழிபெயர்ப்புகளில் படித்துப் பார்க்கலாம். ஒரே கதை, ஒரே காட்சி. ஆனால் இரண்டு வேறு முராசாகிகள் தெரிவார்கள்.

அடுத்த முறை ஒரு ஜப்பானிய நாவலுக்கு ஸ்டார் கொடுக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் பெயரையும் ரிவ்யூவில் ஒரு வரி சேர்க்கலாம். வர்ஜீனியா வுல்ஃப் படித்த வாக்கியங்களை எழுதியவரும் அப்படி ஒருவர்தான்.