கல்லைப் பேச வைத்த தங்கசாலை அதிகாரி

நம் ஊர்க் கோயில்களில் குழல் விளக்கைப் பார்த்தால், வெளிச்சத்துக்கு முன்னால் கண்ணில் படுவது அதன்மேல் எழுதியிருக்கும் பெயர்தான். இன்ன ஊர் இன்னார் உபயம் என்று விளக்கிலும் இருக்கும், மின்விசிறியிலும் இருக்கும், மிதித்து ஏறும் படிக்கல்லில்கூட இருக்கும். இதைப் பரிகாசம் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பழக்கம் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முந்தியது. நம் நாட்டுச் சரித்திரத்தின் பெரிய பூட்டு ஒன்றைத் திறந்து கொடுத்ததும் இந்தப் பழக்கம்தான். திறந்தவர் ஜேம்ஸ் பிரின்ஸெப் என்ற ஆங்கிலேயர். சரித்திர ஆசிரியர் அல்ல. கல்கத்தா தங்கசாலையில் வெள்ளியை உரைத்துப் பார்க்கும் உத்தியோகஸ்தர்.

1799ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி பிறந்தவர் பிரின்ஸெப். தகப்பனார் ஜான் பிரின்ஸெப் வெறுங்கையோடு இந்தியாவுக்கு வந்து, அவுரிச் சாகுபடியில் பொருள் தேடிக்கொண்டு திரும்பியவர். குழந்தைகளோ ஏராளம், ஜேம்ஸ் பத்தாவது. கட்டடக் கலையில் அவருக்கு அபார ஆசை. அகஸ்டஸ் பியூஜின் என்ற பெயர் பெற்ற வல்லுநரிடம் மாணாக்கராகவும் சேர்ந்தார். ஆனால் கண்ணில் நோய் கண்டு பார்வை மங்கியது. நுணுக்கமான கோடுகள் போட வேண்டிய தொழில் இனி ஒத்துவராது என்று ஆயிற்று. தகப்பனார் விசாரித்ததில் இந்தியாவின் தங்கசாலைகளில் வேலை இருப்பது தெரிந்தது. ரஸாயனம் படித்து, லண்டன் தங்கசாலையில் தொழிலும் பழகிக்கொண்டு, 1819 செப்டம்பரில் கல்கத்தா வந்து இறங்கினார். அப்போது வயது இருபது. பார்வை போதாது என்று ஒரு தொழிலை விட்டவர், பிற்காலத்தில் யார் கண்ணுக்கும் பிடிபடாத எழுத்தைப் பார்த்துப் பார்த்தே படித்தார் என்பது வேடிக்கைதான்.

ஒரு வருஷத்துக்குள் காசித் தங்கசாலைக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே பத்து வருஷம் இருந்தார். காசி நகரத்துக்குச் சரியான படம் வரைந்தது, ஜனத்தொகை எடுத்தது, தேங்கி நாறிய நீரை வடிக்கப் பூமிக்கடியில் கால்வாய் வெட்டியது, கர்மநாசா நதிக்குக் கல்பாலம் போட்டது எல்லாம் இந்தப் பத்து வருஷத்தில் நடந்தவை. அந்த நதியின் தண்ணீர் காலில் பட்டால் செய்த புண்ணியமெல்லாம் போய்விடும் என்பது ஐதீகம். ஆகவே யாத்திரிகர்கள் அந்தப் பாலத்தை எவ்வளவு வாழ்த்தியிருப்பார்கள் என்று ஊகித்துக் கொள்ளலாம். ஓய்ந்த நேரத்தில் காசியின் படித்துறைகளையும் வீதிகளையும் சித்திரங்களாகவும் தீட்டினார்.

1830இல் காசித் தங்கசாலை மூடப்பட்டது. பிரின்ஸெப் கல்கத்தா திரும்பினார். 1832இல் அங்கே தலைமை உரைகாரர் ஆனார். ஒரு கிரெயின் எடையில் மூவாயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டிக் கொடுக்கும் தராசு அவரிடம் இருந்தது. ஊருக்கு ஒரு நாணயம் வழங்கிய குழப்பத்தைப் போக்கி, 1835இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் 180 கிரெயின் எடையில் ஒரே வெள்ளி ரூபாய் வந்ததற்கு அவர் செய்த பிரயத்தனம் முக்கியமான காரணம். நம் பாட்டிமார் ஒரு ரூபாய் எடை சுக்கு, இரண்டு ரூபாய் எடை மிளகு என்று மருந்துக்கு நிறுத்தார்களே, அந்த ரூபாய் எடை இதுதான்.

தங்கசாலைக்குப் பழைய காசுகளும் வரும். அவற்றில் ஒருவருக்கும் தெரியாத எழுத்துகள் இருக்கும். அந்த ஆவல்தான் அவரைக் கல்வெட்டுகளிடம் கொண்டுபோய் விட்டது. ஆசியக் கழகத்தின் காரியதரிசிப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு, ஒரு மாதப் பத்திரிகையையும் தொடங்கி நடத்தினார். நாட்டின் மூலைமுடுக்குகளில் இருந்த பட்டாள அதிகாரிகளும் எஞ்சினியர்களும், காட்டிலும் மலையிலும் கண்ட எழுத்துகளைப் பிரதி எடுத்து அவருக்கு அனுப்பலானார்கள். பாறைகள் காகிதத்தில் ஏறி அவருடைய மேஜைக்கு வந்து சேர்ந்தன.

அந்தப் பாறைகளிலும் தூண்களிலும் இருந்த எழுத்து, குச்சியை வளைத்து வைத்தாற்போல் எளிமையானது. ஆனால் அதைப் படிப்பார் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் டோப்ரா என்ற ஊரிலிருந்து பெரிய தூண் ஒன்றைத் டில்லிக்குக் கொண்டு வந்து நிறுத்தினார். பண்டிதர்களை வரவழைத்துக் கேட்டும் பயன் இல்லை. பீமசேனன் கைத்தடி என்று ஜனங்கள் சொன்னார்கள். ஐரோப்பியர் சிலர் கிரேக்க எழுத்தாக இருக்கலாம் என்றார்கள்.

பிரின்ஸெப் தங்கசாலைக்காரர் அல்லவா? எண்ணவும் நிறுக்கவும் பழகியவர். அலகாபாத் தூணின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி 1834இல் அட்டவணை போட்டார். ஒரே எழுத்து, மேலே கீழே பக்கத்தில் சிறு கோடுகள் சேர்ந்து ஒழுங்காக மாறி மாறி வருவதைக் கண்டார். க, கா, கி, கீ என்று எழுதிப் பழகிய நமக்கு இது அதிசயம் அல்ல. உயிரும் மெய்யும் கூடி வரும் நம் நாட்டு எழுத்தேதான் இது, கிரேக்கம் அல்ல என்பது அவருக்கு உறுதியாயிற்று. ஆனால் எந்த உருவம் எந்த ஒலி? அங்கே தடைபட்டு மூன்று வருஷம் நின்றுவிட்டார். இதற்கிடையில் 1836இல் ஜெர்மன் நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் லாஸன், கிரேக்க மன்னர் அகதோக்ளீஸின் இருமொழிக் காசிலிருந்து சில எழுத்துகளைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார். புகழில் அவருக்கும் பங்கு உண்டு. பிரின்ஸெப்புக்கு அருகிலிருந்து உதவிய கமலாகாந்த வித்யாலங்காரையும், பாளி மொழி அறிந்த ரத்னபாலரையும் நாம் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

1837ஆம் ஆண்டு மே மாதம் சாஞ்சி ஸ்தூபத்தைச் சுற்றியுள்ள கல்வேலியிலிருந்து சிறு சிறு எழுத்துகளின் பிரதிகள் வந்தன. அனுப்பியவர் காப்டன் எட்வர்டு ஸ்மித். எல்லாம் ஒரு வரி, அரை வரி. பெரிய விஷயம் எதுவும் இருக்க இடமில்லை. பத்திரிகையில் அச்சிடுவதற்காக அவற்றை வரிசைப்படுத்திக் கொண்டிருந்தபோது ஒன்று அவர் கண்ணில் பட்டது. அநேகமாக எல்லா வரியும் ஒரே இரண்டு எழுத்தில் முடிந்தன. கடைசி எழுத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி. கோயிலில் ஒவ்வொரு தூணிலும் தனித்தனியே எழுதி வைப்பார்கள் என்றால் என்ன எழுதுவார்கள்? கொடுத்தவர் பெயரையும், கொடுத்ததையும்தானே! அப்படியானால் கடைசிச் சொல் தானம். அதற்கு முன்னால் திரும்பத் திரும்ப வந்த எழுத்து ஸ; இன்னாருடைய என்று காட்டும் வேற்றுமை உருபு. ஒரு தா, ஒரு ந, ஒரு ஸ கிடைத்தது. பூட்டு திறந்துகொண்டது. மிச்ச எழுத்துகள் மளமளவென்று விழுந்தன. சில வாரங்களுக்குள் டில்லித் தூணையே வாசித்துவிட்டார்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். சக்கரவர்த்தியின் நீண்ட சாசனம் வழி காட்டவில்லை. வழி காட்டியது, வேலிக்கு ஒரு கல் வாங்கிக் கொடுத்த சாமானியர்களின் வரி. யார் அவர்கள்? சாஞ்சிக் கல்வேலியில் செட்டிகள் இருக்கிறார்கள். நெசவுக்காரர், எழுத்தர், தச்சர் இருக்கிறார்கள். பிக்ஷுணிகள் ஏராளமாக இருக்கிறார்கள். தன் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய தாயார் என்று மட்டும் எழுதச் சொன்ன பெண்களும் உண்டு. தெற்குத் தோரண வாசலின் சிற்ப வேலையைச் செய்து கொடுத்தவர்கள் விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்கள். யானைத் தந்தத்தில் பழகிய கை என்று அந்த நுணுக்கத்தைப் பார்த்தாலே தெரியும். கிழக்கு வாசலில் உருவேலா கிராமம் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒருத்தி உலக்கை பிடித்துக் குத்துகிறாள், ஒருத்தி முறத்தில் புடைக்கிறாள், ஒருத்தி குடத்தோடு தண்ணீருக்குப் போகிறாள். ராஜாக்களைக் காட்டிலும் இவர்களைப் பார்க்கத்தான் நமக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

டில்லித் தூண் வாய் திறந்ததும் வந்ததும் இத்தகைய சேதிகளே. சாலையோரம் ஆலமரம் வைத்தது, மாந்தோப்பு போட்டது, கிணறு வெட்டியது, மரண தண்டனை பெற்றவனுக்கு மூன்று நாள் தவணை, கிளி, மைனா, வௌவால், முள்ளம்பன்றி இவற்றைக் கொல்லலாகாது என்ற கட்டளை. சொன்னவர் பெயர் தேவானாம்பிய பியதஸி. அப்படி ஓர் அரசர் இந்தியாவில் இருந்ததாகப் பிரின்ஸெப் கேள்விப்பட்டதில்லை. இலங்கை மன்னர் தேவானாம்பிய திஸ்ஸனாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தார். இலங்கையிலேயே பிறந்து அங்கே உத்தியோகம் பார்த்து, மகாவம்சத்தை மொழிபெயர்த்தவர் ஜார்ஜ் டர்னர். அவர்தான் அதே வருஷத்தில் பழைய பாளி நூல் ஒன்றிலிருந்து, பியதஸி என்பவர் சந்திரகுப்தரின் பேரரான அசோகரே என்று எடுத்துக் காட்டினார். பிற்பாடு 1915இல், தங்கச் சுரங்க எஞ்சினியர் ஒருவர் கண்டெடுத்த மஸ்கிக் கல்வெட்டில் அசோகர் என்ற பெயரே எழுதியிருந்தது.

அடுத்து வந்தவை கத்தியவாரின் கிர்நார்ப் பாறையும், ஒரிஸ்ஸாவின் தௌலிப் பாறையும். தௌலியைக் கரடிகளுக்கு அஞ்சாமல் பிரதி எடுத்தவர் லெப்டினன்ட் கிட்டோ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிரின்ஸெப், ஆயிரம் மைலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே வாசகம் இருப்பதைக் கண்டு திகைத்தார். அரண்மனைச் சமையற்கட்டில் தினமும் கணக்கில்லாமல் அறுபட்ட பிராணிகள், இரண்டு மயிலும் ஒரு மானுமாகக் குறைந்த கதை அதில் இருந்தது. நோய்நொடிக்கும், கல்யாணத்துக்கும், பிரயாணத்துக்கும் பெண்கள் செய்யும் சடங்குகளைப் பற்றி அரசர் அலுத்துக்கொள்வதும் இருந்தது. மனிதருக்கும் மாட்டுக்கும் வைத்தியம் ஏற்பட்ட தேசங்களின் பட்டியலில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி என்ற பெயர்கள் வரிசையாக வந்தன. கிரேக்க மன்னன் ஆன்டியோகஸின் பெயரும் வந்தது. அது அசோகரின் காலத்தை நிர்ணயிக்கக் கைகொடுத்தது. நம் மூவேந்தர் மூவரும் அந்தக் கிரேக்கரோடு ஒரே கல்லில் நிற்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே பகலில் தங்கசாலை, இரவில் கல்வெட்டு, மாதம் தவறாமல் பத்திரிகை, நாடு முழுவதிலிருந்தும் வரும் கடிதங்களுக்குப் பதில். 1835இல் ஹாரியட் ஆபர்ட் என்ற பெண்ணை மணந்திருந்தார். 1837இல் எலைஸா என்ற மகள் பிறந்தாள். குடும்பத்தோடு இருக்க அவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? கிர்நார்ப் பிரதியில் சந்தேகம் தோன்றியதால், மறுபடி ஆள் அனுப்பிப் புதுப் பிரதி எடுக்கச் சர்க்காரை வற்புறுத்தினார். சர்க்காரும் இணங்கியது. ஆனால் அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு உட்காரும் நிலையில் அவர் இல்லை. 1838இல் தாங்க முடியாத தலைவலி கண்டது, சிந்தனை குழம்பியது. அவ்வருஷக் கடைசியில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கும் குணமாகவில்லை. புத்தி தெளியாமலே 1840 ஏப்ரல் 22ஆம் தேதி லண்டனில் காலமானார். வயது நாற்பது. அந்தக் குழந்தைக்கு அப்பொழுது மூன்று வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு வருஷம் கழித்து உடம்பு நொறுங்கியிருந்தால் என்னென்ன படித்திருப்பாரோ என்ற ஏக்கம் யாருக்கும் வரும்.

1843இல் கல்கத்தா ஜனங்கள் ஹூக்ளிக் கரையில் அவர் பெயரால் தூண்கள் நிறைந்த ஓர் அழகிய படித்துறை கட்டினார்கள். பிரின்ஸெப் காட் என்று இன்றும் பெயர். அவருடைய இளம் நண்பர் அலெக்ஸாந்தர் கன்னிங்ஹாம், 1861இல் சர்க்காரின் தொல்பொருள் ஆராய்ச்சிக்குத் தலைவராகி அந்த வேலையைத் தொடர்ந்தார்.

அவர் கொடுத்த சாவி தெற்கேயும் வந்தது. பாண்டிய நாட்டு மலைக் குகைகளில், துறவிகள் படுத்த கற்படுக்கைகளின் பக்கத்தில் அதே ஜாதி எழுத்துகள் இருந்தன. எழுத்து தெரிந்தும் பொருள் புரியாமல் விழித்தவர்கள் பலர். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், அவை தமிழே என்று காட்டினார். மதுரைக்குப் பக்கத்து அழகர்மலைக் குகையில், கொடுத்தவர்களின் பெயர் வரிசை இருக்கிறது. உப்பு வணிகர் ஒருவர், கலப்பைக் கொழு விற்றவர் ஒருவர், துணி விற்றவர் ஒருவர், வெல்லப்பாகு விற்றவர் ஒருவர், மதுரைப் பொற்கொல்லர் ஒருவர். கிடாரிப்பட்டிப் பக்கமாக ஏற வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் புறப்படுவது நல்லது.