தத்துவ போதகர்

மேலை நாடுகளிலிருந்து தமிழகத்திற்கு வந்தோர் பலர். பொருள் தேடி வந்தோர் மிகப் பலர். இருந்த பொருளைத் துறந்து வந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் இராபர்ட் தெ நோபிலி. அவரையே தமிழ் மக்கள் தத்துவ போதகர் என அழைத்தனர்.

அவர் 1577-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் உயர்குடியொன்றிற் பிறந்தார். செல்வமும் பதவியும் அவருக்காகக் காத்திருந்தன. குடும்பத்தார் தடுத்தும் கேளாது, நேப்பிள்ஸ் நகரஞ் சென்று இயேசு சபையிற் சேர்ந்தார்.

கத்தோலிக்கத் துறவற சபைகளில் சேர்வோர் மூன்று வார்த்தைப்பாடுகளை இறைவன் முன்னிலையில் அளிப்பர். ஏழ்மை என்பது தமக்கெனப் பொருள் வைத்துக் கொள்ளாமை. கற்பு என்பது மணவாழ்வை நீத்துத் தூய்மை காத்தல். கீழ்ப்படிதல் என்பது சபைத் தலைவரின் ஆணையை ஏற்று நடத்தல். முதல் இரண்டும் நம் நாட்டுத் துறவியர் நன்கறிந்தவை. மூன்றாவதோ கடினமானது. வீட்டையும் பொன்னையும் எளிதில் விடுபவர்கூடத் தம் கருத்தை விட்டுக்கொடுக்க மனம் இசையார். நோபிலியின் வாழ்வைச் சோதித்ததும் இந்த மூன்றாம் வார்த்தைப்பாடே.

1605-இல் அவர் கோவாவிற்கு வந்தார். மறு ஆண்டு மதுரையை அடைந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் இயேசு சபைத் துறவி பல ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். அவர் பள்ளியும் மருத்துவசாலையும் நடத்திய நல்லவர். ஆயினும் மதுரை மக்கள் அவரைப் பரங்கி எனக் கருதி விலகியே நின்றனர். இதனைக் கண்ட நோபிலி வேறு வழி வகுத்தார். காவியுடை பூண்டார்; மிதியடி அணிந்தார்; தனிக் குடிலில் தங்கினார்; புலால் நீத்து, நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டார். தமிழைப் பிழையறக் கற்றார். தெலுங்கும் பயின்றார். சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி கற்றார். ஏழ்மை என்னும் வார்த்தைப்பாட்டை இம்மண்ணின் துறவுக்கோலத்தில் அவர் வாழ்ந்து காட்டினார் எனலாம். கற்றோர் அவரை நாடி வந்து வாதிட்டனர், சிலர் சீடராயினர். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை நாட்டு வழக்கங்களே என்று கூறி, சீடர் அவற்றை வைத்துக் கொள்ள இசைந்தார்.

எதிர்ப்பு எழுந்தது. பெர்னாந்தஸே மேலிடத்திற்குக் குற்றஞ் சாட்டி எழுதினார். நோபிலி தம் சமயத்தையே கைவிட்டார் என்ற வதந்தி உரோமாபுரி வரை சென்றது. அவருடைய உறவினரான கர்தினால் பெல்லார்மினும் அதனைக் கேட்டு வருந்தினார். சபைத் தலைவர்கள் பல கட்டுப்பாடுகளை விதித்தனர். வளரத் தொடங்கிய பணி ஏறத்தாழ நின்றே போயிற்று.

நோபிலியின் முன் இரு வழிகள் இருந்தன. ஆணையை மீறித் தம் வழியே செல்லலாம். அல்லது தம் வழி தவறென ஒப்பிக் காவியைக் களையலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. கட்டளைக்கு அடங்கி நின்றார். தம் கருத்தையும் மாற்றிக் கொள்ளவில்லை. தமிழரின் வழக்கங்களை நூற்சான்றுகளோடு விளக்கி இலத்தீன் மொழியில் நீண்ட விடைகள் எழுதியனுப்பினார். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் நேரில் நின்று வாதிட்டார். அவையினர் பெரும்பாலோர் அவருக்கு மாறாகவே இருந்தனர். வழக்கு உரோமாபுரிக்குச் சென்றது. பெல்லார்மின் உண்மை உணர்ந்து அவர் பக்கஞ் சார்ந்தார். 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர், சில நிபந்தனைகளுடன் அவருடைய முறைக்கு இசைவளித்தார். தாழ்ந்தோரை இகழ வேண்டாமென்றும் அதே ஆணையில் அறிவுறுத்தினார்.

அவ்வறிவுரைக்குக் காரணம் இருந்தது. சாதி வேற்றுமையையும் நோபிலி நாட்டு வழக்கமெனவே கொண்டார். உயர்குலத்தாருடனேயே வாழ்ந்து, எளியோரை விட்டு ஒதுங்கி நின்றார். அவருடைய முறையில் நாம் ஏற்க இயலாத பகுதி இதுவே. பின்னர் 1640 முதல், எல்லாக் குலத்தாரோடும் பழகும் பண்டார சுவாமிகள் என்ற வேறொரு பிரிவினர் சபையில் தோன்றினர்.

இசைவு கிடைத்த ஆண்டிலேயே நோபிலி வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலம், சேலம் ஆகிய ஊர்களை அடைந்தார். அவ்வட்டாரத்தில் உரிமை இழந்து வாழ்ந்த திருமங்கல நாயக்கர் என்னும் தலைவர் அவருக்குச் சீடரானார். இன்றைய கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளுக்கு அப்பால் உள்ள மைசூர் நாட்டிலும், அந்நூற்றாண்டின் நடுவில் லெயோனார்தோ சின்னமி என்னும் துறவி இதே கோலத்தில் பணி தொடங்கினார்.

நோபிலி மதுரையிற் சிறைத் துன்பமும் பட்டார். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம் முதலிய உரைநடை நூல்களை இயற்றினார். தமிழ் உரைநடை முளைவிட்ட காலத்து நூல்கள் அவை.

முதுமையில் கண்ணொளி மங்கியது. தாம் வளர்த்த மதுரையிலேயே உயிர் விட அவர் விரும்பியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால், யாழ்ப்பாணம் செல்லுமாறு தலைவர்கள் பணித்தனர். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் உழைத்த நிலத்தை விட்டு அவர் சென்றார். பின்னர் மயிலாப்பூருக்கு வந்து, மண் குடிலொன்றில் தங்கினார். அங்கும் புலால் உண்ணவில்லை. கண் தெரியாத நிலையிலும் தாம் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, நூல்களைத் திருத்தி வந்தார். 1656-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் அங்கேயே காலமானார்.