தட்டையும் தாமே செய்த சமையல்காரர்

பங்குனி, சித்திரையில் சாயர்புரம் பக்கம் போனால் பதநீர் கிடைக்கும். பனை ஓலையை மடித்துப் பட்டை செய்து, அதில் ஊற்றித் தருவார்கள். அதே பதநீரைக் கண்ணாடி டம்ளரில் குடித்துப் பாருங்கள். அந்த ருசி வராது! பருவம் தப்பினாலோ பதநீரே கிடையாது.

பருவம், பாத்திரம் ஆகிய இந்த இரண்டையும் உயிராக நினைத்த ஒருவர் ஜப்பானில் வாழ்ந்தார். அவர் பெயர் கிட்டாவோஜி ரோசான்ஜின்.

கைமாறிய பிள்ளை

1883-ம் ஆண்டு கியோட்டோ நகரில் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். குழந்தையை அன்னியரிடம் கொடுத்துவிட்டார்கள். வீடு வீடாகக் கைமாறிய பிள்ளையை, 6 வயதில் மர அச்சு செதுக்கும் ஒருவர் தத்து எடுத்தார்.

அந்த வீட்டில் அடுப்படி வேலை சிறுவன் தலையில் விழுந்தது. சோறு பக்குவமாக வெந்தால் வீட்டார் புகழ்வார்கள். அன்பு காணாத பிள்ளைக்கு அந்தப் புகழ்ச்சியே பெரிய சன்மானம். சமையலில் கருத்து ஊன்றியது.

10 வயதில் படிப்பு முடிந்து, மருந்துக் கடையில் வேலைக்குப் போனார். தூரிகை எழுத்துக் கலையைத் தாமாகவே பழகினார். 1904-ல் டோக்கியோ கண்காட்சியில் அவர் எழுத்துக்குப் பரிசு கிடைத்தது.

பழைய தட்டில் புதிய விருந்து

1919-ல் நாகாமுரா என்ற நண்பருடன் சேர்ந்து டோக்கியோவில் கலைப்பொருள் கடை வைத்தார். விலை உயர்ந்த பழைய தட்டுகளில் தாமே சமைத்து, வாடிக்கைக்காரர்களுக்குப் பரிமாறினார். தட்டு வாங்க வந்தவர்கள் சாப்பாட்டில் மயங்கினார்கள்! 1921-ல் அதுவே ஒரு உணவுச் சங்கமாக வளர்ந்தது. 1923 செப்டம்பர் 1-ந் தேதி ஏற்பட்ட பெரும் பூகம்பத்தில் கடை எரிந்து போயிற்று.

ரோசான்ஜின் தளரவில்லை. 1925-ல் "ஹோஷிகாவோகா" என்ற உணவு விடுதி பிறந்தது. வசந்தத்தில் மூங்கில் குருத்து, கோடையில் ஆற்று மீன் என்று அந்தந்தப் பருவத்துப் பொருளே இலைக்கு வரும். அதுவும் எந்த ஊரில் எது சிறப்போ அதுதான் வேண்டும். கியோட்டோ பக்கத்து ஆற்றில் பிடித்த "ஆயு" மீனை, 400 கிலோமீட்டருக்கு மேல் உயிரோடு கொண்டுவரச் செய்தார்!

கூட்டம் பெருகியது. பழைய தட்டுகள் போதவில்லை. கண்ட தட்டில் பரிமாற மனம் ஒப்பவில்லை. 40 வயதைத் தாண்டியவர் களிமண்ணில் கை வைத்தார். கமகுரா அருகே சொந்தச் சூளை கட்டினார்.

முன்கோபம்

கை தங்கம், வாய் அப்படி அல்ல. வேலையாட்களிடம் எரிந்து விழுவார். பணத்தைத் தண்ணீராகச் செலவழிப்பார். ஆறு முறை மணந்தும் ஒரு மணமும் நிலைக்கவில்லை. 1936-ல் தபாலில் ஒரு கடிதம் வந்தது. தாம் உருவாக்கிய விடுதியில் இருந்தே அவரை நீக்கிவிட்டார்கள். அனுப்பியவர் நாகாமுரா! அந்த விடுதியும் 1945-ல் குண்டுவீச்சில் எரிந்தது.

அவருக்கு மிஞ்சியது சூளைதான். 1954-ல் அவருடைய பாத்திரங்கள் நியூயார்க் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. அந்தப் பயணத்தில் பாரிஸ் நகரின் பெயர் பெற்ற வாத்துக்கறி ஓட்டலுக்குப் போனார். அந்த ஓட்டலின் குழம்பை ஒதுக்கிவிட்டு, தாம் கொண்டுபோன சோயா சாற்றைத் தொட்டுச் சாப்பிட்டார். இது கொஞ்சம் அதிகம்தான்!

மறு வருடம் ஜப்பான் அரசு கலைஞர்களுக்கு அளிக்கும் உயர்ந்த கவுரவம் ஒன்றை அளிக்க முன்வந்தது. வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

1959 டிசம்பர் 21-ந் தேதி, 76-வது வயதில் யோகோஹாமா நகர ஆஸ்பத்திரியில் காலமானார். அவர் உயிரைக் குடித்தது கல்லீரல் புழு. நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்பவர்கள் உடலில் புகும் புழு அது.