வள்ளலார் எழுதிய மூலிகைப் பட்டியல்: சிதம்பரம் அருகே பிறந்தவரின் அதிகம் பேசப்படாத முகம்

வள்ளலார் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளை ஆடை, தலையில் முக்காடு, தைப்பூச ஜோதி, வடலூரின் அணையா அடுப்பு. பள்ளிப் பாடத்தில் படித்தது பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஆனால் அவருடைய உரைநடைப் பகுதியைப் புரட்டினால் வேறொரு விஷயமும் கண்ணில் படும். 400-க்கும் மேற்பட்ட மூலிகைகளின் பெயர்களும், எது என்ன குணம் கொண்டது என்ற குறிப்புகளும் அடங்கிய அட்டவணை அது. பாட்டு எழுதிய துறவி ஒருவர் எதற்காக மருந்துப் பட்டியல் போட்டார்? அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

மருதூரில் இருந்து ஏழுகிணறுக்கு

இராமலிங்கம் பிறந்தது 1823 அக்டோபர் 5. ஊர், சிதம்பரத்துக்கு அருகில் உள்ள மருதூர். இன்றைய கடலூர் மாவட்டம். அப்பா இராமையா பிள்ளை, அம்மா சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி.

பிறந்து சில மாதங்களிலேயே அப்பா காலமாகிவிட்டார். குடும்பம் அம்மாவின் சொந்த ஊரான பொன்னேரிப் பக்கம் போய், பிறகு சென்னை ஏழுகிணறில் குடியேறியது. புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர் மூத்த அண்ணன் சபாபதி. தம்பியை நல்லா படிக்க வைக்கணும் என்று அவர் ஆசைப்பட்டார். தம்பியோ பாடத்தை விட்டுட்டு கந்தகோட்டம் முருகன் கோயிலே கதி என்று இருந்தார்.

அதற்காக அவர் படிக்காதவர் இல்லை. 1850-களில் பழைய தமிழ் நூல்களைப் பதிப்பித்தார், உரைநடை நூல் எழுதினார், மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். அக்காவின் மகள் தனக்கோடியோடு கல்யாணமும் நடந்தது. ஆனால் இல்லற வாழ்க்கையில் அவருக்கு நாட்டம் இல்லை.

மீண்டும் சொந்த மண்

சுமார் 1858-ல் சென்னையை விட்டுக் கிளம்பியவர் சிதம்பரம் வந்து சேர்ந்தார். அங்கிருந்து வடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கருங்குழிக்குப் போனார். வேங்கட ரெட்டியார் என்பவரின் வீட்டில் ஏறக்குறைய 9 வருஷம் தங்கினார். சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு அடிக்கடி போய்வந்ததும், ஏராளமான பாடல்கள் எழுதியதும் இந்தக் காலத்தில்தான்.

அந்தப் பாடல்களே பெரிய சண்டைக்கும் காரணமாயின. 1867-ல் 'திருவருட்பா' அச்சில் வந்ததும், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. தமிழ் இலக்கிய வரலாற்றில் இன்றும் பேசப்படும் அருட்பா, மருட்பா விவாதம் இதுதான்.

இத்தனை சத்தத்துக்கு நடுவே அவர் கவனம் வேறொரு பிரச்சினையில் இருந்தது. அது பசி.

பசியும் ஒரு நோய்

1860-களின் நடுவில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியது. 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற தன் உரைநடை நூலில், பசி ஒரு மனிதனின் உடம்பை என்ன செய்யும் என்று வள்ளலார் வரிசையாக எழுதுகிறார். அறிவு தடுமாறுவது, காது அடைப்பது, கண் குழிவிழுவது, நாக்கு வறள்வது, கை கால் தளர்வது என ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். நோயாளியை நேரில் பரிசோதித்தவர் எழுதிய குறிப்பு மாதிரி இருக்கும்.

உயிர்களுக்கு வரும் ஆபத்துகள் என்று அவர் ஏழைச் சொல்கிறார்: பசி, தாகம், பிணி, ஆசை, வறுமை, பயம், கொலை. இவற்றில் முதலில் தீர்க்க வேண்டியது பசி என்பது அவர் வாதம். வேறு எந்தத் துன்பம் இருந்தாலும் சோறு இருந்தால் உயிர் கொஞ்ச நாள் தாங்கும். சோறே இல்லை என்றால் தாங்காது. லாஜிக் அவ்வளவு எளிமையானது.

வடலூர்வாசிகள் கொடுத்த சுமார் 80 காணி நிலத்தில் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலை தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்னிக்கும் எரிகிறது. சாதி, மதம் கேட்காமல் பசித்து வந்தவர்களுக்கு இன்னிக்கும் சாப்பாடு போடுகிறார்கள்.

திட்டத்தில் இருந்த வைத்தியசாலை

பலருக்குத் தெரியாத ஒரு தகவல் உண்டு. தருமச்சாலை பற்றி வள்ளலார் தரப்பு வெளியிட்ட அழைப்பில், சோறு போடும் இடம் மட்டும் இல்லை. வைத்தியசாலை, சாத்திரசாலை, உபகாரசாலை எனப் பல சாலைகள் சேர்ந்த ஒரு பெரிய திட்டமே இருந்தது. அதாவது பசிக்கு அடுப்பு, நோய்க்கு வைத்தியம், அறியாமைக்குப் படிப்பு. இத்தனையும் ஒரே வளாகத்தில்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் மூலிகை அட்டவணை ஏன் என்பது புரியும். அன்றைய சித்த மருத்துவ அறிவில் பெரும்பகுதி ஓலைச்சுவடியிலும், செய்யுளிலும், குழூஉக்குறியிலும் இருந்தது. குருவிடம் கற்றவருக்குத்தான் அது விளங்கும். வள்ளலாரின் பட்டியலோ செடியின் பெயரையும் குணத்தையும் நேரடியாகச் சொல்கிறது. வேலியோரத்தில் வளரும் செடியால் என்ன பயன் என்று சாதாரண ஆளும் தெரிந்துகொள்ளலாம்.

தினசரி வாழ்க்கைக்கும் அவர் விதி வகுத்தார். விடியும் முன் எழுவது, பல் துலக்குவது, குளிப்பது, அளவாகச் சாப்பிடுவது, பகலில் தூங்காமல் இருப்பது என எல்லாம் அதில் வரும். மூலிகைகளில் அவர் முதலிடம் கொடுத்தது மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு. அதோடு தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம். இவற்றைச் சேர்த்தோ தனித்தனியாகவோ பொடியாக்கி, எதில் கலந்து குடிக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார். நெருங்கியவர்களுக்கு எழுதிய கடிதங்களிலும் உடம்பு எப்படி இருக்கு என்ற விசாரிப்பும், மருந்து, பத்தியம் பற்றிய யோசனையும் உண்டு.

இவற்றை அவர் ஆன்மிகத்தில் இருந்து பிரித்துப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாகணும். மரணமில்லாப் பெருவாழ்வு என்பது அவர் நம்பிக்கை. உடம்பைப் பேணுவதும் அந்தப் பாதையில் ஒரு படி. எனவே அவர் குறிப்புகளை இன்றைய ஆய்வக முடிவுகள் போல எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு காலத்தின் மருத்துவ அறிவை மக்களிடம் கொண்டுபோன முயற்சியாகப் பார்ப்பதே சரி.

கடைசி ஆண்டுகள்

1870-ல் மேட்டுக்குப்பத்தில் உள்ள சித்திவளாகத்துக்குக் குடிபோனார். 1872 ஜனவரியில் வடலூர் சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது. 1874 ஜனவரி 30 அன்று ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. ஆட்சியர் கார்ஸ்டின் தொகுத்து 1878-ல் வந்த தென்னாற்காடு மாவட்டக் கையேட்டிலும் அவரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது.

இன்று இதில் என்ன இருக்கிறது?

மருந்தைக் கொடுப்பது ஒரு வேலை. அதை எப்படி, எப்போது, எதோடு சாப்பிடணும் என்று புரிய வைப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலையை இன்று பார்மசிஸ்ட்டுகளிடம் எதிர்பார்க்கிறோம். 1948-ன் பார்மசி சட்டம் இந்தத் தொழிலுக்குப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 2008-ல் 6 வருட பார்ம்.டி படிப்பு அறிமுகமானது. 2015-ல் வந்த விதிமுறைகள், நோயாளிக்கு மருந்து ஆலோசனை சொல்வதையும் பார்மசிஸ்ட்டின் கடமையில் சேர்த்தன. வள்ளலார் நடந்து போன சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பார்மசி துறையில் இன்று மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஆனால் நிஜத்தில் நாம என்ன செய்றோம்? மாத்திரை அட்டையை நீட்டி, காசு கொடுத்து, கிளம்பிடுறோம். வீட்டில் குடிக்கும் கஷாயத்தைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. உதாரணமாக, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையை அதிகமாகச் சேர்த்தால், அதில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கலாம். கீரை நல்லது, மருந்தும் நல்லதுதான். இரண்டும் ஒன்றாக உடம்புக்குள் போகும்போது அளவை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதனால் வள்ளலார் பட்டியலைப் படித்துவிட்டு நாமே மருந்து தயாரிக்கத் தொடங்கக் கூடாது. மூலிகை எடுக்க விரும்பினால் பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பாருங்க. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுறீங்கன்னா, எடுக்கும் எல்லாவற்றையும் டாக்டரிடமும் பார்மசிஸ்ட்டிடமும் சொல்லுங்க. சந்தேகத்தைக் கேளுங்க.

150 வருஷத்துக்கு முன்பு, வடலூர் போன்ற ஒரு கிராமத்தில், மருந்து பற்றிய அறிவு எல்லோருக்கும் போய்ச் சேரணும் என்று ஒருவர் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். அந்த வேலை இன்னும் முடியவில்லை.