சத்து மாத்திரைக்குப் பின்னால் ஒரு லூசி

காலையில கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில்ல வந்திருக்கீங்களா? சிப்காட் ஷிப்டுக்குப் போற அக்காக்கள் டிபன் பாக்ஸோட நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அவங்க கர்ப்பமானா, ஆரம்ப சுகாதார நிலையத்துல முதல் மூணு மாசத்துக்குக் கொடுக்கிறது ஒரு சின்ன மாத்திரை: ஃபோலிக் அமிலம். அந்த மாத்திரையோட கதை தொடங்கினதும் ஆலைத் தொழிலாளிப் பெண்கள்கிட்டதான். தொடங்கி வச்சவர் லூசி வில்ஸ்.

1888 மே 10 அன்று இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911-ல் தேர்வு எழுதினார். ஆனா பட்டம் கிடைக்கல! பெண்களுக்கு முழுப் பட்டம் தர அந்தப் பல்கலைக்கழகம் 1948 வரை எடுத்துக்கிட்டது. அவர் சோர்ந்துபோகாமல் லண்டனில் மருத்துவம் படித்து 1920-ல் டாக்டரானார்.

1928-ல் பம்பாய் வந்தார். அங்கே பருத்தி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்குக் கடுமையான சோகை. பலர் இறந்துகொண்டிருந்தார்கள். கிருமி எதுவும் சிக்கவில்லை. லூசி அவங்க சாப்பாட்டுத் தட்டைக் கவனிச்சார். ஏழைப் பெண்களுக்குத்தான் நோய் அதிகம். அதே மாதிரி உணவு கொடுத்த குரங்குகளுக்கும் சோகை வந்தது. விலை குறைவான 'மார்மைட்' என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் ரத்தம் தேறியது. பெண்களுக்கும் அப்படியே! 1931-ல் இதை வெளியிட்டார்.

இடையில் நம்ம ஊருக்கும் வந்தார் தெரியுமா? குன்னூரில் ஆராய்ச்சி, பிறகு சென்னை கோஷா ஆஸ்பத்திரி. இன்னைக்கு அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

ஈஸ்டில் இருந்த பொருள் என்னன்னு அப்போ யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி'ன்னே சொன்னாங்க. 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம்னு பேர் வச்சாங்க. செல் பிரியும்போது டிஎன்ஏ நகலெடுக்க இந்தச் சத்து வேணும். கர்ப்பத்துல தாயோட ரத்த அளவு கூடுது, சிசுவோட செல்கள் பிரிஞ்சுக்கிட்டே இருக்கு. அதனால தேவையும் கூடுது.

லூசி 1964-ல் காலமானார். அவர் பார்க்காத ஒன்று பிறகு தெரிந்தது. கரு உருவான 28 நாளுக்குள்ள மூளையும் தண்டுவடமும் ஆகப்போற நரம்புக் குழல் மூடிடணும். மூடலைன்னா குழந்தைக்கு நிரந்தரக் குறை. முன்பே இப்படிக் குழந்தை பெற்ற பெண்களிடம் நடத்திய ஆய்வில், கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் இந்த ஆபத்து 72 சதவீதம் குறையும்னு 1991-ல் உறுதியாச்சு.

கணக்கைக் கொஞ்சம் கவனிங்க. மாதவிலக்கு தள்ளிப்போய் ரெண்டு வாரம் ஆகும்போதே அந்த 28 நாள் முடிஞ்சிடும். பல பேர் அப்போதான் டெஸ்ட்டே எடுப்பாங்க. ஓவர்டைம், நைட் ஷிப்டுன்னு ஓடுறவங்களுக்கு நாள் தள்ளினதே உறைக்காது. அதனாலதான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடியே, மாத்திரையைத் தொடங்கச் சொல்றாங்க டாக்டர்கள்.

உங்க வீட்டுலயும் புதுசா கல்யாணமான அக்காவோ அண்ணியோ இருக்கலாம். இன்னைக்கு ராத்திரியே ஒரு போன் போட்டு, டாக்டரைக் கேட்டுக்கச் சொல்லுங்க. லூசிக்கு நாம செய்யக்கூடிய மரியாதை அதுதான்.